மூணே முக்கால் லட்சத்து லோடர்

பங்குனி 4, ஞாயிறு

உடுமலை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். நானும் பாப்பா வர்ணிகாவும் மட்டும். இவருக்கு மில்லில் லோடு ஏற்ற வேண்டியிருந்தது.

இரண்டு அறை, சமையலறை, பின்னால் துணி காயப்போடக் கம்பி. ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூடத்துக் கொய்யா மரம் தெரிகிறது. ஒத்தி நாலு லட்சம். வீட்டுக்கார அம்மா பங்குனி முடிவதற்குள் முடிவு சொல்லச் சொன்னார். வர்ணிகா மாடிப்படியில் ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறினாள். மூச்சு வாங்கவில்லை. "அம்மா, இங்க காத்துக்கு வாசமே இல்ல" என்றாள். தென்னை நார் மில் காம்பவுண்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. காற்று என்றாலே மட்டைத்தூள் வாசம் அடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

அப்பா வீட்டுப் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டபோது அண்ணன்கள் கொடுத்த பணம் பேங்கில் என் பேரில் இருக்கிறது. அது இதற்குத்தான் இருந்தது போலிருக்கிறது. முருகா, நல்லபடியாக முடித்துக் கொடு.

செலவு: பஸ், பாப்பாவுக்கு இளநீர், மூச்சு மருந்து. மூச்சு மருந்து போன மாதத்தைவிட ஒரு டப்பா கூட.

பங்குனி 6, செவ்வாய்

கிணற்றடிப் பாசியைத் தேய்த்துக் கழுவினேன். மோட்டார் சத்தம் மாறியிருக்கிறது, ஆளைக் கூப்பிட வேண்டும்.

சாப்பிடும்போது இவர் பேச்செடுத்தார். "ரத்தினசாமி மாப்பிள்ள லோடரை விக்கறாராமா. நம்மளே எடுத்துக்கலாம்னு பாக்கறேன்."

ரத்தினசாமி அண்ணன் என்றால் இவர் தங்கை வளர்மதியின் வீட்டுக்காரர். தாராபுரம் பக்கம் விவசாயக் காடும் செங்கல் சூளையும் உண்டு. அந்த லோடரை எனக்கும் தெரியும். முன்னால் மண் வாருகிற பக்கெட் பூட்டிய சிவப்பு டிராக்டர். எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஓடுகிறது.

"என்ன விலைங்க?"

"மூணே முக்கா."

"உடுமலை வீடு?"

"வீடு எங்க போயிரப் போவுது? லோடர் வந்தா வாடகை வண்டிக்குக் குடுக்கறது மிச்சம். அந்தக் காசுலயே ரெண்டு வருசத்துல வீடு."

வாடகை லோடருக்குக் கொடுத்ததை எல்லாம் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். இவர் சொல்வதில் தப்பில்லை. மட்டையைத் தள்ளவும் தூளை வாரவும் சொந்தமாக லோடர் இருந்தால் மில்லுக்கு நல்லதுதான். ஆனால் வண்டி நல்ல வண்டியாக இருக்க வேண்டும், விலையும் நியாயமாக இருக்க வேண்டும்.

"ஒருக்கா போய்ப் பார்த்துப் போட்டு முடிவு பண்ணலாமுங்க" என்றேன்.

"சொந்தத்துக்குள்ள என்னத்தப் பாக்கறது? மாப்பிள்ளகிட்டப் போயி நான் நொட்ட நொள்ள சொல்ல முடியுமா?"

"நீங்க சொல்ல வேண்டாம். நான் பாக்கறேன்."

சிரித்தார். "நீயா? சரி, வா."

பங்குனி 9, வெள்ளி

மூன்று நாளாக வேலை முடிந்ததும் போன் வீடியோவில் பழைய டிராக்டர் பார்த்து வாங்குவது எப்படி என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எட்டாவதோடு நின்ற படிப்புக்கு ஒரு மணி நேரப் பேச்சில் பாதி புரியவில்லை. புரியாததை நிறுத்தித் திரும்பக் கேட்டேன். மில் கணக்கையும் இப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

இவர் வெள்ளந்தி. சொந்தம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவார். நான்தான் பார்க்க வேண்டும்.

பங்குனி 11, ஞாயிறு

தாராபுரம் போய் வந்தோம்.

வளர்மதி வாசலுக்கே ஓடி வந்தாள். "வாங்க நங்கை" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் பெண்டாட்டி என்று என்னை நங்கை என்றுதான் கூப்பிடுவாள். கை சில்லென்று இருந்தது. இளைத்திருந்தாள். கேட்டதற்கு, "விரதமுங்க" என்றாள்.

வண்டி வாசலில் நின்றது. புது சிவப்பு பெயின்ட், முன்னால் புது டயர் இரண்டு. பார்த்தால் மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்பது போல இருந்தது. முதலில் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சூடு. பழைய எஞ்சினைக் குளிர்ந்திருக்கும்போது கிளப்பிப் பார்த்தால்தான் அதன் யோக்கியதை தெரியும். சூடாக இருந்தால் எந்த எஞ்சினும் சாவியைத் திருகியதும் கிளம்பும்.

"இப்பத்தான் தோப்புல இருந்து வந்துச்சுங்க" என்றார் ரத்தினசாமி அண்ணன். தோப்பிலிருந்து வந்த வண்டியின் டயரில் ஈர மண் இல்லை.

ஆயில் பார்க்கிற குச்சியை இழுத்து, கொண்டுபோன வெள்ளைத் துணியில் தேய்த்தேன். பால் ஊற்றின டீ நிறம். ஆயிலில் தண்ணீர் சேர்ந்தால்தான் அந்த நிறம் வரும். எஞ்சினுக்குள் எங்கேயோ விரிசல். பக்கெட் தூக்கும் இரும்புக் கைகளில் நகத்தால் தடவிக்கொண்டே போனேன். பெயின்டுக்கு அடியில் ஓரிடத்தில் வெல்டிங் முடிச்சு, இன்னோர் இடத்தில் இரண்டு. பக்கெட்டைப் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடுகிறது, மாட்டியிருக்கிற பின் எல்லாம் தேய்ந்து ஓட்டை பெரிதாகிவிட்டது. கிளட்ச் மிதியோ, எத்தனையோ வருடம் செருப்பு பட்டுப்பட்டு மொழுமொழுவென்று கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் ஓடின மணியைக் காட்டுகிற மீட்டரில் ஆயிரத்துச் சொச்சம்தான். மீட்டரின் கண்ணாடி புதிது.

"அண்ணா, பக்கெட்டுல மண்ணை வாரித் தூக்கி நிறுத்திட்டு எஞ்சினை அமத்துங்க" என்றேன்.

"எதுக்கு தாயி?"

"சும்மாத்தானுங்க."

தூக்கி நிறுத்தினார். வளர்மதி மோர் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிப்பதற்குள் பக்கெட் பாதி உயரத்துக்குத் தானாக இறங்கிவிட்டது. எண்ணெய்ச் சிலிண்டரும் போச்சு. பாரம் தாங்காது.

ரத்தினசாமி அண்ணன் சிரித்தார். "தங்கச்சி லைசென்ஸ் ஆபீசுல இருந்து வந்திருக்குதாட்ட இருக்குது." கண்ணில் சிரிப்பில்லை. இவர் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வரும்போது பஸ்ஸில் சொன்னேன். "ஒண்ணரைக்கு மேல போவாதுங்க. அதுவும் டயருக்காக. உங்க மாப்பிள்ள உங்களை ஏமாத்தறாரு."

"ம்" என்றார்.

"ஆயில்ல தண்ணி கலந்திருக்குதுங்க."

"ம்."

தங்கை வீட்டுக்காரர் இப்படிச் செய்கிறாரே என்று மனசு நொந்துபோயிருக்கும்.

பங்குனி 12, திங்கள்

உத்திரம். விரதம். சாயங்காலம் கரட்டுக்கோயில் முருகனைப் பார்க்க நடந்தே போய் வந்தேன்.

இவர் விடவில்லை. "வாக்குக் குடுத்துட்டேன்" என்கிறார். வாய்க்கு வாய் பேசி வீட்டில் சத்தம் வேண்டாம், பாப்பாவுக்கு மூச்சு கூடும் என்று நானே ஒரு வழி சொன்னேன். "முருகன்கிட்டப் பூக்கேப்போம். வெள்ளை வந்தா வாங்கிக்குங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். சிவப்பு வந்தா விட்டுரோணும்."

இவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "அப்பறம் மாத்திப் பேச மாட்டயே?" என்றார்.

நானா மாற்றிப் பேசுவேன்? என் கல்யாணத்துக்கும் பூக்கேட்டார்கள். இந்த மில்லுக்கும் கேட்டோம். என் முருகனுக்குப் பால் டீ நிறத்து ஆயில் தெரியாமலா இருக்கும்?

பங்குனி 16, வெள்ளி

வெள்ளை வந்தது.

நடந்ததை எழுதுகிறேன். விடிந்ததும் குளித்துவிட்டுப் போனோம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே மாதிரி இலையில் மடித்து சாமி காலடியில் வைக்க வேண்டும். சின்னக் குழந்தை ஒன்றை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்லி அதை மட்டும் பிரிப்பார்கள். பூப் பறிக்கவும் மடிக்கவும் நானே போகிறேன் என்றேன். "நீ கும்பிடு புள்ள, நான் பாத்துக்கறேன்" என்று இவர் ஈர வேட்டியோடு நந்தவனத்துக்குப் போனார். நான் சன்னதியில் கண்ணை மூடி நின்றேன். பாப்பாவின் நெஞ்சைக் காப்பாற்று என்றுதான் வேண்டினேன். வண்டியைப் பற்றி வேண்டவே இல்லை.

பூசாரியின் பேத்தி எடுத்தது. பிரித்தால் பால் மாதிரி வெள்ளை அரளி.

"உத்தரவு ஆச்சுங்க அம்மணி" என்றார் பூசாரி. மிச்சப் பொட்டலத்தைத் தண்ணீரில் விடச் சொன்னார். இவர் வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

நான் கணக்குப் போட்டது ஒன்று, சாமி போட்டது ஒன்று. நான் பார்த்தது எல்லாம் தப்பாக இருக்கலாம். போனில் கற்றதுதானே.

பங்குனி 17, சனி

துணி துவைத்தேன். நேற்றைய வேட்டியை உதறும்போது இலைப் பொட்டலம் கீழே விழுந்தது. தண்ணீரில் விட மறந்திருக்கிறார். இலை காய்ந்து பிரிந்திருந்தது. உள்ளே பூ வதங்கிப் பழுப்பாக, ஓரம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

செவ்வரளி வதங்கினால் வெளுத்துப்போகுமா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் செவ்வரளி இல்லை. வைத்துப் பார்க்க வழியில்லை.

வாய்க்காலில் விட்டுவிட்டு வந்தேன்.

மிளகாய் காயப்போட்டது நன்றாகக் காய்ந்திருக்கிறது. நாளை அரைக்கக் கொடுக்க வேண்டும்.

பங்குனி 20, செவ்வாய்

பேங்கில் கையெழுத்துப் போட்டேன். இவர் பக்கத்திலேயே நின்றார்.

பங்குனி 22, வியாழன்

லோடர் வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். மில் ஆட்களுக்கு வடை, டீ.

முதல் நாளே மூன்று பக்கெட் தூள் வாரியதும் சூடாகி நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றி ஆறவைத்தார்கள். "புது இடமில்ல, அதான்" என்றார் இவர். மாட்டையா வாங்கி வந்திருக்கிறோம், புது இடம் என்று மிரள்வதற்கு?

சொல்லவில்லை. ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

சித்திரை 1, ஞாயிறு

வருடப் பிறப்பு. கனி வைத்துக் கும்பிட்டோம்.

மத்தியானம் வளர்மதி மட்டும் தனியாக வந்தாள். இவர் மில்லில் இருந்தார். சமையலறைக்குள் வந்ததும் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டாள். நான் பதறித் தூக்கினேன்.

"என்ன வளரு, நல்ல நாளும் அதுவுமா?"

"நல்ல நாள்னுதானுங்க வந்தேன் நங்கை. கடனுக்குப் பேங்க்காரன் காட்டுல ஏல போர்டு அடிக்கறதுக்கே வந்துட்டான். எங்க வீட்டுக்காரரு பூச்சி மருந்து வாங்கி வெச்சிருந்தாரு. நான் பார்த்துட்டேன். அன்னைக்குத்தான் அண்ணனுக்குப் போன் பண்ணுனேன்." அழுதாள். "இத்துப்போன வண்டிக்கு மூணே முக்கால் லட்சம் யாரு குடுப்பாங்க? சும்மா குடுத்தா அவரு வாங்க மாட்டாரு, ரோசக்காரரு. அதுனால விலைன்னு பேர் வெச்சு அண்ணன் குடுத்தாரு. 'உன்ற நங்கை பணம்தான், அவளே பூக்கேட்டுச் சரின்னுட்டா'ன்னு சொன்னாரு. நீங்க வந்து வண்டியைப் பார்த்தப்பக்கூட, எங்க வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வராம இருக்கறதுக்குத்தான் அப்படி நோண்டி நோண்டிப் பாக்கறீங்கன்னு நெனச்சேன். உங்களுக்கு முன்னமே தெரியும்தானுங்களே?"

அடுப்பில் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கி வைத்தேன்.

"தெரியும்" என்றேன்.

ரவிக்கைத் துணியும் குங்குமமும் வைத்துக் கொடுத்தேன். அவளுக்கு நிறையப் பாயசம் ஊற்றினேன். அவள் என்ன பாவம் செய்தாள்? உயிர் போகாமல் இருந்ததற்குச் சந்தோசப்படத்தான் வேண்டும். என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். பாதி கொடுத்திருப்பேன். மீதியில் சின்ன வீடாகப் பார்த்திருப்பேன். கேட்டால்தானே?

ராத்திரி விளக்கேற்றினேன். சாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை.

சித்திரை 2, திங்கள்

மாவு அரைத்தேன். இவரிடம் வளர்மதி வந்ததைச் சொன்னேன், என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

சித்திரை 9, திங்கள்

மூன்று நாளாகப் பாப்பாவோடு ஆஸ்பத்திரியில். சனிக்கிழமை மில் களத்தில் லோடர் தூளைக் கிளப்பியதில் வீடு முழுக்கத் தூசி மண்டலம். பாப்பாவுக்கு உதடு நீலமாகிவிட்டது. வாடகைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். மூக்கில் குழாய் மாட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா சின்ன வயசு. கோபமாகப் பேசினார். "தூசிக்குள்ளயே வெச்சிருந்துட்டு மருந்து கேட்டா எப்படிம்மா? வேற எடம் பாருங்கன்னு போன தடவையே சொன்னேன்ல?"

இவர் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தார்.

உடுமலை வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டேன். "கொடுத்துட்டேனே கண்ணு, போன வாரமே" என்றார்.

சித்திரை 12, வியாழன்

பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜன்னலுக்கெல்லாம் ஈரத் துணி கட்டியிருக்கிறேன்.

காலையில் இவர் வந்து நின்றார். "லோடரை வித்துப்போடலாம். வீடு பாக்கலாம். நீயே ஒரு விலை சொல்லு, அந்த விலைதான்."

"அப்ப வண்டியை முழுசா பாக்கோணும். நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லோணும்."

"கேளு."

களத்துக்குப் போனோம். பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மில்லில் மோட்டார் ஓடவில்லை, மின்சாரம் இல்லாத நேரம்.

"எஞ்சின் விரிசல் எப்ப வந்துச்சுங்க?"

"ஆறு வருசம் ஆச்சு. கோயமுத்தூருல ஒட்டுனது. ஒட்டுனா நிக்காதுன்னு அப்பவே சொன்னாங்க."

"நீங்க கூடப் போனீங்களா?"

"போனேன்."

"கையில வெல்டிங்கு?"

"சூளையில வண்டி குப்புற அடிச்சப்ப. ரெண்டு தடவை."

"மீட்டரு?"

"வாங்கி மாட்டுனது. போன வருசம்." கொஞ்சம் பொறுத்து, "நாந்தான் வாங்கிக் குடுத்தேன். அப்ப வேற ஆளுக்கு விக்கறதா இருந்துச்சு" என்றார்.

நான் தாராபுரத்தில் குனிந்து நிமிர்ந்து நகத்தால் தடவிக் கண்டுபிடித்த ஒவ்வொன்றும் இவருக்குத் தெரியும். நான் கண்டுபிடிக்காத இரண்டையும் அவரே சொன்னார். பக்கத்தில் நின்று தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அப்போதும் தெரியும். பஸ்ஸில் "ம்" என்றபோதும் தெரியும். வெள்ளந்தி என்று எழுதி வைத்திருக்கிறேன். அதை அடித்துத் திருத்தவில்லை. எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும்.

"என்ன விலை சொல்றே?"

"ஒண்ணு நாப்பது."

"மூணே முக்காலுக்கு வாங்குன வண்டி."

"வாங்குனதுங்களா?" என்றேன்.

பானெட்டை மெதுவாக மூடினார். பெயின்ட் உரிந்துவிடுமோ என்பது போல அவ்வளவு மெதுவாக.

பிறகு கேட்டார். "வளரு சொன்னாளா?"

"ஆமாங்."

"மாப்பிள்ள மருந்து வாங்கி வெச்சிருந்தாரு புள்ள."

"நம்ம பாப்பாவும்தான் மருந்துல இருந்துச்சு."

வேறொன்றையும் இவர் சொல்வார் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பூவைப் பற்றி. சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால், பிறகு நான் எந்தச் சன்னதியில் போய் நிற்பது?

சித்திரை 15, ஞாயிறு

பல்லடத்திலிருந்து ஒரு மாமனாரும் மருமகனுமாக வந்து வண்டியைப் பார்த்தார்கள். இவர், "எங்க வீட்டுல சொல்றதுதான் விலைங்க" என்று ஒதுங்கிக்கொண்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். விரிசல், வெல்டிங், மீட்டர், பக்கெட் இறங்குவது. ஒன்று நாற்பது என்றேன். மருமகனுக்குப் பிடித்திருந்தது. மாமனார் அவரைத் தனியே கூட்டிக்கொண்டு போனார். காதில் விழட்டும் என்றே பேசினாரா தெரியவில்லை.

"இத்தனையும் அவங்களே சொல்றாங்கன்னா, சொல்லாதது எத்தனை இருக்கும்? திருட்டு வண்டியாட்ட இருக்குது. வா மாப்ளே."

டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து மாசக்கணக்காயிற்று. சட்டென்று அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எனக்கே என் மேல் கோபம்.

சித்திரை 22, ஞாயிறு

செங்கல் சூளைக்காரர் ஒருவர் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானாகச் சொன்னதையும் பல் குத்திக்கொண்டே கேட்டார். "எல்லாம் தெரியும்மா. எனக்கு ரெண்டு சீசன் ஓடுனாப் போதும்" என்று ஒன்று முப்பதுக்குப் பேசி எடுத்துப் போனார். அவ்வளவுதான். இவ்வளவு சுலபம்.

பணத்தை இவர் சாமி படத்துக்கு முன்னால் வைக்கப் போனார். "என்ற கையிலயே குடுத்துருங்க" என்றேன்.

வைகாசி 3, வியாழன்

உடுமலையில் மளிகைக் கடை மாடியில் ஓர் அறை, தடுப்பு வைத்த சமையல் இடம். இருக்கிற பணத்துக்கு ஒத்திக்குக் கிடைத்தது இதுதான். கொய்யா மரம் இல்லை. எதிரில் செல்போன் கோபுரம். கடையிலிருந்து மிளகாய் வற்றல் நெடி ஏறி வருகிறது. பாப்பா ஒருமுறை தும்மினாள், அவ்வளவுதான். மாடிப்படி முழுவதையும் ஓடியே ஏறினாள்.

நானும் பாப்பாவும் இங்கே. மில்லை விட்டு இவர் வர முடியாது. மில் கணக்கை ஞாயிறுதோறும் கொண்டுவந்து தரட்டும், பார்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சாமானை இவரேதான் ஏற்றி வந்து தூக்கி வைத்தார். பீரோவைத் தனியாளாக முதுகில் சுமந்து ஏறினார். கேஸ் பூட்டினார், ஒழுகாமல் இருக்கத் தண்ணீர்க் குழாய்க்கு நூல் சுற்றினார், கொடிக்கம்பி கட்டினார். செய்ய ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனபிறகும் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஆணி அடிக்கலாம் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாப்பா பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு கீழே போய்விட்டாள்.

"அப்ப நான் எப்ப வரட்டும்?" என்றார்.

"ஞாயித்துக்கெழமை வாங்க. சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் என்னைப் பார்த்தார். "போங்கன்னா?"

அடுப்பில் புதுவீட்டுப் பால் பொங்கி வந்தது. நான் அதைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு படியில் அவர் இறங்கிப் போகிற செருப்புச் சத்தம் கேட்டது.